47-ஆம் எண் துப்பாக்கி

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழு மாணவர்கள் கேட்டபோது, "கனடாவில் ஐந்து மாதங்கள்" என்று எழுதித் தந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். வெளிநாடு போய் வந்த முன்னாள் மாணவர்களில் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதாதவர் யார்? ஆனால் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் நயாகரா வரவில்லை. பழைய துப்பாக்கி ஒன்றுதான் முன்னால் வந்து நின்றது. அதை எழுதாமல் வேறெதை எழுதினாலும் அது பொய்யாகிவிடும் போலிருந்தது.

1973-இல் நான் நம் கல்லூரியில் வேதியியல் இளங்கலை வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாம் வாரமே என்.சி.சி.யிலும் சேர்ந்தேன். நாட்டுப்பற்று ஒரு காரணம். அணிவகுப்பு முடிந்ததும் தரும் பூரியும் உருளைக்கிழங்கும் இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று இப்போது கேட்காதீர்கள். என் அறைத்தோழனும் என்னோடு சேர்ந்தான். அவனுக்குப் பூரி ஒரு பொருட்டே அல்ல. அவன் பட்டாளத்துக்குப் போக விரும்பியவன். விடுதியில் தலையணையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூச்சை அடக்கிக் குறி பார்த்துப் பழகியவன்.

எங்களுக்குத் தந்தவை 'த்ரீ-நாட்-த்ரீ' துப்பாக்கிகள். லீ-என்ஃபீல்ட் என்பது அதன் பெயர். இரண்டு உலகப் போர்களைக் கண்டது. வங்காளத்தின் ஈசாப்பூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. நாலு கிலோ எடை. சுட்டால் தோளில் கழுதை உதைத்தாற்போல் இருக்கும். ஆயுத அறையில் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. முதலாண்டில் எனக்கு வாய்த்தது 47. அதைக்கொண்டு நான் ஒருநாளும் ஒழுங்காகச் சுட்டதில்லை. 100 கஜத்தில் ஐந்து தோட்டா சுட்டால் ஐந்தும் ஐந்து திசையில் போகும். இரண்டாமாண்டு தொடக்கத்தில் ஆயுத அறை முன் வரிசையில் நின்றபோது, நான் சற்று முந்திக்கொண்டு வேறொன்றை எடுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்ற என் அறைத்தோழனுக்கு 47 போயிற்று.

1975 ஜனவரியில் போட்டிக்கான அணித் தேர்வு நடந்தது. என் ஐந்து துளைகளும் மூன்று அங்குலத்துக்குள் இருந்தன. அவனுடையவை ஒன்பது அங்குலத்துக்குச் சிதறியிருந்தன. "கை நடுங்குகிறது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நான் அணியில் சேர்ந்தேன். அவன் அந்த ஆண்டோடு என்.சி.சி.யை விட்டான், 'சி' சான்றிதழ்த் தேர்வும் எழுதவில்லை, பிறகு அஞ்சல் துறையில் எழுத்தர் வேலைக்குப் போனான். துப்பாக்கியில் கோளாறு இருக்கலாம் என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் அவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். அதைச் சொல்லக்கூடியவன் அந்த மைதானத்தில் ஒருவன்தான் இருந்தான். அவன் பூரி தின்றுகொண்டிருந்தான்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். கனடாவுக்கு வருகிறேன்.

2019-ஆம் ஆண்டு கோடையில் மிஸ்ஸிசாகா நகரில் என் மகள் வீட்டில் இருந்தேன். பகலில் அவளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேச ஆளின்றித் தெருவில் நடந்துகொண்டிருந்தவனை, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் தம் கார்க் கொட்டகைக்குள் அழைத்தார். வயது எண்பத்து மூன்று. மனைவி இல்லை. அவர் தம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கோ நா எழவில்லை. கடைசிவரை "சார்" என்றுதான் அழைத்தேன். அதைக் கேட்கும்போதெல்லாம், யாரோ அதிகாரி வந்துவிட்டது போல் அவர் திரும்பிப் பார்ப்பார்.

கொட்டகைச் சுவரில் பூட்டிய இரும்பு அலமாரியிலிருந்து அவர் எடுத்துக் காட்டியதைக் கண்டதும் எனக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. லீ-என்ஃபீல்டேதான், நாலாம் எண் மாதிரி. பக்கவாட்டில் 'லாங் பிராஞ்ச் 1943' என்று பொறித்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து சிறிது தொலைவில் ஏரிக்கரையோரம் இருந்த தொழிற்சாலை அது. 1941 முதல் போர்க் காலத்தில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் துப்பாக்கிகளைச் செய்து தள்ளியது. வேலை செய்தவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். அவர்களில் ஒருவர் இந்தப் பெரியவரின் தாயார். துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் பிரிவில் இருந்தாராம். சோதனைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. 2018 முதல் அது கலைக்கூடமாக இருக்கிறது. என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். தம் கையிலுள்ள துப்பாக்கி தாயாரின் கைபட்டதுதானா என்று அவருக்குத் தெரியாது. பட்டதாகவே வைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் புரை வளர்ந்துவந்தது. முழுதும் மறைக்குமுன் அந்தத் துப்பாக்கி எவ்வளவு நன்றாகச் சுடும் என்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

கடையில் விற்கும் தோட்டாவால் 100 கஜத்தில் ஐந்து, ஆறு அங்குலம் சிதறியது. எனவே தாமே தோட்டா செய்யத் தொடங்கியிருந்தார். அந்த நாட்டில் உரிமம் பெற்றவர்கள் தம் உபயோகத்துக்கு இவ்வாறு செய்துகொள்வதுண்டு. மாணவ நண்பர்கள் கவனிக்க: நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்தால் சிறைதான். விடுதியில் யாரும் முயல வேண்டாம்.

நான் என்ன ஆசிரியர் என்று கேட்டார். வேதியியல் என்றேன். பேசாமல் தம் தராசை என் பக்கம் நகர்த்தினார். அன்று முதல் எனக்கு வேலை கிடைத்தது.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பிடிக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய ரவை. சுட்டபின் ரவையும் மருந்தும் போய்விடும், கூடு மிஞ்சும். அதற்குப் புதிய கேப்பும் மருந்தும் ரவையும் இட்டு மறுபடி பயன்படுத்துவதே இந்தக் கைத்தொழில். இதில் துல்லியம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்டேன். ரெடிமேட் சட்டைக்கும் தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் என்ன வேற்றுமையோ அதுதான் என்று பொருள்படும்படி அவர் விளக்கினார்.

தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கியிலும் நுழைந்தாக வேண்டும். அதனால் எந்தத் துப்பாக்கியிலும் அது சரியாகப் பொருந்துவதில்லை. லீ-என்ஃபீல்டில் இந்தப் பொருத்தமின்மை மிகுதி. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேறும் மணலும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்பதற்காக, தோட்டா அமரும் அறையைத் தாராளமாகக் குடைந்தார்கள். தோட்டாவின் அடிவிளிம்பு பிடித்துக்கொள்வதால் முன்புறம் இடைவெளி இருந்தாலும் சுடும். சுடும்போது கூடு அந்த இடைவெளியெல்லாம் நிறைய முன்னுக்கு நீளும். அதை அச்சில் இட்டுப் பழைய அளவுக்கே முழுதும் அழுத்தி, மறுபடி சுட்டு, மறுபடி நீளவிட்டால், மூன்று நான்கு முறையில் அடிப்பக்கம் மெலிந்து இரண்டாக அறுந்துவிடும். பெரியவர் ஒரு காகித ஊக்கை நிமிர்த்தி, முனையைச் சற்று வளைத்து, கூட்டின் உட்சுவரில் தடவச் சொன்னார். அடியருகே ஊக்கின் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளத்தை விரல் கண்டுகொண்டது. அந்தக் கூட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

இதற்கு அவர் கண்ட வழி, கூட்டின் கழுத்தை மட்டும் ரவையைப் பிடிக்கும் அளவுக்கு இறுக்குவது. உடலைத் தொடுவதில்லை. ஒருமுறை சுட்டதும் கூடு அந்த அறையின் வார்ப்பாகவே ஆகிவிட்டது அல்லவா? அடுத்த முறை அது தன் வீட்டுக்குள் நுழைவது போல் நுழைந்து நேராக உட்காரும். புதுச் செருப்பைக் காலுக்குப் பழக்குவது போலத்தான். பழகிய செருப்பை அடுத்தவனுக்குக் கொடுக்க முடியாது. அந்தத் தோட்டாவும் அந்த ஒரு துப்பாக்கிக்குத்தான் ஆகும்.

அடுத்து ரவை. 0.303 அங்குலம் என்பது குழலுக்குள் உள்ள மேடுகளுக்கு இடைப்பட்ட விட்டம். ரவையைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்களுக்கு இடையே அளந்தால் அது கூடும். எவ்வளவு கூடும் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், போர்க்கால அவசரத்தில் செய்தவற்றில் இன்னும் மாறும். எனவே மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் தள்ளி மறுமுனையில் எடுத்து, அதில் பதிந்த தடத்தைத் திருகு அளவியால் அளந்தோம். நம் இயற்பியல் ஆய்வகத்தில் கம்பியின் விட்டம் காண நாம் திருகிக்கொண்டிருந்த அதே கருவிதான். அப்போதெல்லாம் இதனால் உலகில் என்ன பயன் என்று சலித்துக்கொள்வேன். வழக்கமான குழலில் ஐந்து பள்ளங்கள் இருப்பதால் ஒன்றுக்கு எதிரே மற்றொன்று வராது, அளப்பது தொல்லை. போர் வேகத்தில் வேலையைக் குறைக்க இரண்டே பள்ளங்கள் வெட்டிய குழல்களும் செய்தார்கள். பெரியவருடையது அவ்வகை. அளவு 0.314 வந்தது. அவர் வாங்கி வைத்திருந்த ரவையோ 0.311. ஒரு தலைமயிரின் பருமன்தான் வேற்றுமை. ஆனால் அந்த மயிரளவு இடைவெளியில் ரவை தள்ளாடிக்கொண்டு போகிறது.

மேலும் அந்த ரவைகள் படகின் பின்புறம் போல் அடி குறுகியவை, பார்க்க அழகாயிருக்கும். அடி தட்டையான ரவையானால், மருந்தின் அழுத்தம் அடியை அமுக்கிச் சற்று விரியச் செய்து பள்ளத்தை நிரப்பும். 1910 முதல் பட்டாளத்துக்குத் தந்த 174 கிரெயின் ரவையும் தட்டையடிதான். பழைய குழலுக்குப் பழைய வடிவம்தான் ஒத்துக்கொண்டது. அழகான ரவைகளைப் பெரியவர் டப்பாவோடு நண்பர் ஒருவருக்குத் தந்துவிட்டார்.

மருந்தின் எடையை ஒன்றுபோல் நிறுப்பது என் பொறுப்பு. ஆய்வகத்தில் நாலு தசம இடம் வரை நிறுத்தவன் நான். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒருநாள் மாலை ஐம்பது கூடுகளுக்கு மருந்து இட்டுக்கொண்டே அவருக்குப் பாடம் நடத்தினேன். பழைய த்ரீ-நாட்-த்ரீ தோட்டாவின் மருந்து கார்டைட். 1889-இல் ஏபெல், டீவர் இருவரும் கண்டது. சேமியா போல் இழை இழையாக இருக்கும். 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். அதன் சூடு குழலையே தின்றது என்று பிறகு நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்தார்கள். எங்கள் ஊட்டி மலை ரயில் போகும் வழியில் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை உண்டு. முதல் உலகப் போரில் இதைப் பிசையும் அசிட்டோனுக்குப் பஞ்சம் வந்தபோது, நுண்ணுயிரைக் கொண்டு மாவுப் பொருளிலிருந்து அசிட்டோன் எடுத்துத் தந்தவர் வைஸ்மன் என்ற வேதியியலார். அவரே பின்னால் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். வேதியியல் படித்தவன் எங்கே போகலாம் பாருங்கள் என்று நான் முடித்தபோது ஐம்பது தோட்டாவும் முடிந்திருந்தன.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனால், ஐம்பதையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்பது ஏறக்குறைய ஒரே எடை. ஒன்று மட்டும் இரண்டரை கிராம் குறைவு. பிரித்தார். உள்ளே மருந்து இல்லை. அசிட்டோன் பஞ்சத்தின்போது விட்டுப்போயிருக்கிறது.

மருந்தில்லாவிட்டால் சுடாது, அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். அப்படியன்று. கேப்பு ஒன்றே ரவையைக் குழலுக்குள் கொஞ்சதூரம் தள்ளி அடைத்துவிடும். சத்தம் வரவில்லையே என்று அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும், சுடுபவர் முகத்தருகே. அடுத்து அதைச் சுட இருந்தவர் எண்பத்து மூன்று வயதில் கண்புரையோடு இருந்த மனிதர். எனக்குக் கால் ஓய்ந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் திட்டவில்லை. "பாடம் நடத்தும்போது நிறுக்காதீர்கள், நிறுக்கும்போது பாடம் நடத்தாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் கொட்டகையில் பேச்சு கிடையாது. ரேடியோவையும் நிறுத்திவிடுவார். மருந்திட்ட கூடுகளை வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் இருவரும் தனித்தனியே பார்ப்போம்.

செப்டம்பரில் நகருக்கு வெளியே இருந்த சுடுதளத்துக்குப் போனோம். அவர் மேற்பார்வையில் நானும் சில சுட்டேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் சுட்ட முதல் மூன்று ரவைகளும் 100 கஜத்தில் ஒரே அங்குலத்துக்குள் விழுந்தன. தாளைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார். "சார், மூன்று போதாது, பத்து சுடுங்கள்" என்றேன். மூன்று ரவை தற்செயலாகக்கூட ஒன்றுசேரும். நல்லது வந்ததும் நிறுத்திக்கொள்வது எங்கள் ஆய்வக மாணவர்களின் வேலை. அவர் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு படுத்து இன்னும் ஏழு சுட்டார். பத்தும் சேர்த்து இரண்டேகால் அங்குலம். ஒரு அங்குலத் தாளை நான் அவரிடமிருந்து பறித்துவிட்டேனோ என்று எனக்கு இன்றும் உறுத்தல் உண்டு. ஆனால் எழுபத்தாறு வயதுத் துப்பாக்கிக்கு இரண்டேகால் அங்குலம், அதுவும் பத்து ரவைக்கு, சின்னக் காரியமல்ல.

இதற்குள் பக்கத்து மேடையில் ஓர் இளைஞன் தன் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு வந்தான். மலிவாக வாங்கினானாம், எந்தத் தோட்டா போட்டாலும் பத்து அங்குலம் சிதறுகிறது, என்ன மருந்து போடலாம் என்று கேட்டான். பெரியவர் பதில் சொல்லாமல், தாக்குப்பூட்டைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு தோட்டாவைத் தலைகீழாகப் பிடித்து ரவையின் மூக்கைக் குழல்வாயில் விட்டார். நல்ல குழலானால் ரவை பாதியில் இறுகி நிற்கும். கொஞ்சம் வெளியே தெரியும். இதிலோ கூட்டின் கழுத்து முட்டும்வரை உள்ளே போய் ஆடியது. பூதக்கண்ணாடியைக் கொடுத்து வாயின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வட்டம் முட்டை வடிவாகியிருந்தது. "கயிறு தின்றது" என்றார்.

சுட்ட துப்பாக்கியைச் சுத்தம் செய்ய 'புல்த்ரூ' என்று ஒரு கயிறு உண்டு. என்.சி.சி. மாணவர்களுக்குத் தெரியும். ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனைக் கண்ணியில் 'சிந்தி' என்ற துணித்துண்டு. குண்டைப் பின்புறமாகப் போட்டு வாய் வழியே வாங்கி நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால், மண்தூசி ஒட்டிய கயிறு விளிம்பை அரம் போல் அராவும். கிணற்றுக் கல்லில் கயிற்றுத் தடம் பார்த்ததில்லையா? ரவை குழலை விட்டு வெளியேறும் கடைசி இடம் அது. அங்கே ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால் காற்று ஒரு பக்கமாய்ப் பீறி ரவையைத் தட்டிவிடும். அதன்பின் எந்தக் கை சுட்டால் என்ன?

நான் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். 47-ஐ ஓராண்டு சுத்தம் செய்தவன் நான். கயிற்றைத் தூணில் கட்டியது போல் ஒரு பக்கம் சாய்த்து இழுத்து, "நேராக இழு" என்று உஸ்தாதிடம் வசவு வாங்கியவனும் நான்தான். ஓராண்டில் ஒருவன் இழுத்து அவ்வளவு தேய்ந்திராது. எனக்கு முன் எத்தனையோ பேர் பூரிக்கு நேரமாகிறது என்று இழுத்திருப்பார்கள். ஆனால் அந்தத் துப்பாக்கியைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்து தவிர்த்தவன் நான் ஒருவனே.

வீடு திரும்பும் வழியில் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காரை ஓட்டிக்கொண்டே தென்னாப்பிரிக்கப் போயர் போரின் கதையைச் சொன்னார். அப்போது படையினருக்குத் தந்த புதிய லீ-என்ஃபீல்டுகளில் குறிமுனை சரியாகப் பொருத்தப்படாமல், 500 கஜத்தில் 18 அங்குலம் வலப்புறம் சுட்டனவாம். பிறகு, "உங்கள் நண்பர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. இரவு, பத்துத் துளை விழுந்த அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்டோபரில் ஊர் திரும்பினேன். பேருந்து பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்று, திண்ணையில் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "வாடா கனடா" என்றான். காபி வந்தது. நான் நாற்பத்து நாலு ஆண்டுகளாகச் சொல்லாததை ஒரு மூச்சில் சொன்னேன்: வரிசையில் முந்தியது, தெரிந்தே மாற்றி எடுத்தது, தேர்வு நாளன்று வாய் திறக்காதது, எல்லாம்.

அவன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"நீ மாத்தி எடுத்தது எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றான். "துப்பாக்கி சரியில்லேன்னு மட்டும் தெரியாது. என் கைதான் நடுங்குதுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் தபால் முத்திரை குத்தும்போதுகூடக் கையைப் பார்ப்பேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்துத் துளைகளை எண்ணினான். பேரனும் எட்டிப் பார்த்தான்.

"எத்தனை கஜம்?"

"நூறு."

"பத்து ரவையா?"

"பத்து."

"வயசு?"

"எண்பத்து மூணு."

தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். பிறகு தன் வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, அது ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.